அவிழ்க்கிறதைக் காட்டேல்லையே

போன லீவுக்கு விசுவமடுவுக்குப் போனபோது, அப்பாவின் பழைய பிளாட்டினாவைத் திருத்தி எனக்குத் தருவதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. முடிவெடுத்தது அம்மா. அப்பா தலையாட்டியிருப்பார்.

அந்த பைக் 2022இல் படுத்தது. பெற்றோலுக்கு இரவிரவாக வரிசையில் நிண்ட காலம். பிறகு கியூ.ஆர் வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று தொடங்கினார்கள். அந்த வருசமே அப்பாவுக்குக் கிக்கரை உதைக்கேலாத அளவுக்கு இடுப்பு நோவும் வந்தது. பைக் மாட்டுக்கொட்டிலோடு இறக்கின பத்திக்குள் போனது. கியூ.ஆர் போன பிறகும் அது வெளியில் வரவில்லை. கோழி ஒண்டு சீற்றில் ஏறி முட்டை இடுகிற அளவுக்கு அது வீட்டுத் தளபாடமாகிவிட்டது.

எனக்கோ கம்பஸுக்குப் போய்வர ஏதாவது வேணும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிப்பாட்டின பிறகு பழைய பைக்குகளின் விலை ஏறின ஏற்றம் உங்களுக்கும் தெரியும். திரும்பவும் இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள்தான், ஆனால் புதுசின் விலையைக் கேட்டுவிட்டு அம்மா போனை வைத்துவிட்டா. ஆகவே பத்திக்குள் கிடப்பதைத் திருத்துவதுதான் வழி.

கராஜ் பரந்தனில். எங்கட வீட்டிலிருந்து 20 கிலோமீற்றருக்குக் கிட்ட. எஞ்சின் பிடிக்காது, முன் பிரேக் இறுகிக் கிடக்கு, லைசென்ஸும் இன்சூரன்சும் முடிந்து வருசக்கணக்கு. இன்னொரு பைக்கில் இருந்து காலால் தள்ளிக்கொண்டு போகிற வித்தை முல்லைத்தீவு ரோட்டில் சரிவராது. மாமாவின் ரக்ரர் அடுத்தநாள் பரந்தனுக்கு உரம் ஏற்றப் போகிறது, பெட்டி போகேக்க வெறுமையாத்தான் போகும் என்றார். சரி, பெட்டியில் ஏற்றுவோம் என்று முடிவு.

நான் கலைப்பீடத்துப் பிள்ளை. எதையும் செய்ய முதல் வாசிக்க வேணும், இல்லையென்றால் யூரியூப் பார்க்க வேணும். அன்று இரவு பைக்கை ட்ரெய்லரில் கட்டுவது எப்படி என்று ஒரு வெள்ளைக்காரர் விளக்குகிற வீடியோவை எடுத்து அப்பாவிடம் காட்டினேன். செம்மஞ்சள் நிறப் பட்டிகள், கறக்கு கறக்கு என்று இறுக்குகிற இரும்புப் பூட்டுகள். அப்பா ஒரு சொல்லும் பேசாமல் கடைசி மட்டும் பார்த்தார். பார்த்து முடித்துவிட்டு,

"அவிழ்க்கிறதைக் காட்டேல்லையே பிள்ளை" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கட்டுவதுதானே கஷ்டம், அவிழ்ப்பதில் என்ன இருக்கு என்று நினைத்தேன்.

அடுத்தநாள் விடிய மாமா ரக்ரரைப் பின்னுக்கு எடுத்து, பெட்டியின் பின்பக்கத்தை வாய்க்கால் கட்டோடு அணைச்சு விட்டார். கட்டின் உயரமும் பெட்டித் தட்டின் உயரமும் கிட்டத்தட்ட ஒண்டு. நடுவில் ஒரு பலகை. நூறு கிலோவுக்கு மேற்பட்ட சாமானை ஒருத்தரும் தூக்கத் தேவையில்லை. முன் பிரேக்கின் கேபிளைக் கழற்றி விட்டதும் சில்லு உருண்டது. மாமாவும் மச்சானும் தள்ளினார்கள், பைக் தானே நடந்து போனமாதிரி உள்ளே போய்விட்டது. வீடியோவில் வந்த மனுசனுக்கு வாய்க்கால் கட்டு இருக்கவில்லை.

முன்சில்லு பெட்டியின் முன்பலகையில் நடுவாக முட்டவேணும். பின்சில்லுக்கு ரெண்டு பக்கமும் மரக்கட்டை. முதலாம் கியரில் விடவேணும். பெற்றோல் கொக்கைப் பூட்டவேணும். இதெல்லாம் எனக்கு விளங்கிச்சு. விளங்காதது, அப்பா ஸ்டாண்டை மடக்கச் சொன்னது. ஸ்டாண்டில் நிண்டால்தானே விழாது?

"ரோட்டில பள்ளம் வரேக்க பைக் எழும்பி எழும்பிக் குத்தும். அவ்வளவு பாரமும் அந்தச் சின்னக் கம்பியில இறங்கும். ஸ்டாண்ட் வளையும், இல்லாட்டிப் பூட்டு உடையும். ரெண்டு சில்லிலயும் நிக்கட்டும். விழாமல் பிடிக்கிறது கயிறு."

பிறகு என்னை ஏறி இருக்கச் சொன்னார். நான் சீற்றில் இருந்து ஹாண்டிலை முழுப் பாரத்தோடு கீழே அமத்த, முன் ஷொக் இறங்கியது. "காணும், பாதிதான். ஒரேயடியா அமத்தினா ஒயில் சீல் போயிடும்." நான் அப்படியே அமத்திக்கொண்டிருக்க அவர் கட்டத் தொடங்கினார். கயிற்றை ஹாண்டில் நுனியில் போடவில்லை. ஹாண்டிலுக்குக் கீழே ரெண்டு ஷொக்கையும் சேர்த்துப் பிடிக்கிற இரும்பில் போட்டு, இடப்பக்கம் ஒண்டு, வலப்பக்கம் ஒண்டு என்று பெட்டியின் மூலைக் கொக்கிகளுக்கு இழுத்தார். நான் கையை எடுத்தால் ஷொக் மேலே எழும்பப் பார்க்கும், கயிறு விடாது. அந்த இழுபறிதான் பைக்கை நிமிர்த்தி வைத்திருக்குது. பின்னுக்கு சீற்றுக்குக் கீழ் இரும்பில் இன்னும் ரெண்டு. கயிறு உரஞ்சுகிற இடமெல்லாம் பழைய சாரத்துண்டு.

முடிச்சைப் பற்றியும் சொல்ல வேணும். கயிற்றின் நடுவில் ஒரு கண் போடுவார். நுனியைக் கொக்கிக்குள்ளால் விட்டு, திரும்பக் கொண்டுவந்து அந்தக் கண்ணுக்குள்ளால் இழுப்பார். கயிறு தனக்குத்தானே கப்பியாகி விடும். வெறுங்கையால் இழுப்பதைவிடக் கூட இறுகும். லொறிக்காரர் எல்லாரும் போடுகிற கட்டுத்தான். ஆனால் முடிக்கிற இடத்தில் அப்பா நுனியை முழுக்க உள்ளே விடமாட்டார். சப்பாத்து லேஸ் மாதிரி மடித்து, ஒரு காதை விட்டுத்தான் இறுக்குவார்.

இது எனக்குச் சின்னனிலிருந்தே பழக்கமான காட்சி. எங்கட வீட்டில் நுளம்புவலை, தறப்பாள், மாட்டுக்கயிறு எல்லாத்திலும் அந்தக் காது தொங்கும். ஒருக்கால் எங்கட ஆடு அந்த நுனியைச் சப்பி இழுத்துத் தானே அவிழ்த்துக்கொண்டு போய் பக்கத்து வளவுப் பயற்றங்காயை முழுக்கத் திண்டது. அம்மா அப்பாவை ஏசின ஏச்சு இப்பவும் காதுக்குள் நிக்குது. அதுக்குப் பிறகும் அப்பா மாறவில்லை.

"ஏனப்பா, ஒழுங்கா ரெண்டு முடிச்சுப் போட்டா என்ன? வழியில அவிழ்ந்தா?" என்று கேட்டேன்.

அப்பா பதில் சொல்லாமல் பின்கயிற்றுக்குப் போனார். பெட்டிக்குக் கீழே நிண்ட அம்மாதான் சொன்னா.

2009 தை மாதம். எனக்கு அப்ப அஞ்சு வயசு. இதே விசுவமடுவில் இருந்து உடையார்கட்டுப் பக்கம் வெளிக்கிட்டபோது, அயலில் ஒருவரின் ரக்ரர் பெட்டியில் எங்களுக்கும் இடம் கிடைத்தது. கூரைத் தகரம், அரிசி மூட்டை, தையல் மெசின், நடுவில் அப்பாவின் எம்.டி. 90. கலியாணத்துக்கு முதல் வாங்கினது. வீட்டில் இருந்த ஒரே பெறுமதியான சாமான். விழக்கூடாது, களவு போகக்கூடாது என்று மாட்டுக்கயிறு எல்லாத்தையும் எடுத்து, முடிச்சுக்கு மேல் முடிச்சாகக் கட்டியிருந்தாராம்.

வழியில் நடக்கேலாத ஒரு கிழவி, அவவின் மகள், ரெண்டு சின்னப் பிள்ளைகள். பைக்கை இறக்கினால் ஏத்தலாம் என்று ரக்ரர்காரர் சொன்னார். "உன்ர அப்பா உடனே ஓமெண்டவர்" என்று அம்மா அழுத்திச் சொன்னா. அதை நான் தெரிஞ்சிருக்க வேணும் என்பதுபோல.

ஓமெண்டார். ஆனால் அவிழ்க்கேலவில்லை. ராத்திரி மழையில் கயிறு நனைந்து இறுகியிருந்தது. நகத்தால் கிண்டினார், பல்லால் கடித்தார். செல் சத்தம் கிட்டக் கேட்டுக்கொண்டிருந்தது. பின்னுக்கு வந்த வாகனங்கள் ஹோர்ண் அடிக்குது. அந்த மனுசி றோட்டுக்கரையில் இருந்து, அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாவாம். கடைசியில் ஆரோ ஒருவர் கத்தி எறிந்தார். வெட்டி இறக்கினார்கள். அஞ்சு நிமிசம், கூடினால் பத்து. ஒண்டும் நடக்கவில்லை. எல்லாரும் ஏறிப் போனோம். பைக்கை மரத்தோடு சாத்திவிட்டு, திறப்பை அதிலேயே விட்டுவிட்டு வந்தாராம், ஆராவது ஓடிக்கொண்டு போகட்டும் என்று.

அம்மா சொல்லி முடிக்க அப்பா தலை நிமிராமல், "அது தும்புக் கயிறு. நனைஞ்சா முடிச்சு இறுகும். எனக்குத் தெரிஞ்சிருக்கோணும்" என்றார்.

அவ்வளவுதான். பதினாறு வருசத்துக்கு மேல் அவர் வைத்திருந்த கணக்கு அந்த ஒரு வசனத்துக்குள் இருந்தது. நான் வரலாறு படிக்கிறேன். வாய்மொழி வரலாறு எடுக்கும்போது என்னென்ன கேட்க வேணும் என்று நோட்ஸ் வைத்திருக்கிறேன். எங்கட வீட்டில் தொங்கின காதுகளைப் பற்றி ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை. அப்பாவின் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

நாலாவது கயிற்றை என்னிடம் தந்தார். வலப்பக்கப் பின்கயிறு. நான் கட்டினேன்.

தருமபுரத்தில் நிப்பாட்டிப் பார்த்தோம். எப்படிக் கட்டினாலும் கொஞ்சத் தூரம் ஓடினதும் கயிறு இழுபடும், சில்லு தன்ர இடத்தில் இருக்கும், ஆகவே இறங்கிப் பார்த்தே ஆகவேணும். மூண்டு கயிறும் வீணைத் தந்தி மாதிரி நிண்டது. என்னுடையது தொய்ந்து, பைக்கின் பின்பக்கம் இடப்பக்கமாகச் சரிந்திருந்தது. காது அவிழவில்லை, நான் முதலில் இழுத்ததே காணாது. மச்சான் சிரித்துக்கொண்டு கட்ட வந்தான். "விடு, அவள் கட்டட்டும்" என்றார் அப்பா. ஒரு காலைப் பலகையில் ஊண்டி, உடம்பைச் சாய்த்து இழுத்தேன். கை எரிந்தது. அவர் ஒரு விரலால் கயிற்றைச் சுண்டிப் பார்த்துவிட்டு ஏறி இருந்தார். முரசுமோட்டையில் திரும்பவும் பார்த்தோம். நிண்டது.

பரந்தனில் கராஜுக்கு முன்னால் அப்பா கீழே இறங்கி, ஒரு கயிற்றையும் தொடாமல் நிண்டார். "அவிழ்" என்றார்.

மச்சானை பைக்கைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, நாலு நுனியையும் ஒவ்வொண்டாய் இழுத்தேன். ஒரு இழுவை, ஒரு அவிழ்ப்பு. முன்கயிறுகள் விடுபட்டதும் ஷொக் மூச்சு விட்டமாதிரி எழும்பியது. ஒரு நிமிசம்கூட ஆகியிருக்காது. அப்பா கயிறுகளைச் சுருட்டிக்கொண்டு கராஜ்காரரோடு காபரேற்றரைப் பற்றிக் கதைக்கப் போய்விட்டார்.

இப்ப நான் அந்த பைக்கில்தான் கம்பஸுக்குப் போகிறேன். ஸ்கூட்டி பழகின எனக்கு கியர் இன்னும் சரியாக வரவில்லை, சந்தியில் ரெண்டு தரமாவது நூந்துபோகும். பின்சீற்றில் புத்தகப் பையைக் கட்ட ஒரு துண்டு நைலோன் கயிறு வைத்திருக்கிறேன். பை விழாமல்தான் கட்டுகிறேன். நுனியில் ஒரு காது விட்டிருக்கிறேன்.