சரிவில் வாழும் ஊர்... குன்னூரின் இன்னொரு முகம்!

ஊட்டி மலை ரயிலில் நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் மாட்டும் ஊர். சுற்றுலாப் பயணிகள் பலருக்குக் குன்னூர் என்றால் அவ்வளவுதான். ஆனால், ரயிலை விட்டு இறங்கிப் பார்த்தால் தெரியும், இது தனி உலகம்!

புதுவாயல், கும்மிடிப்பூண்டி போன்ற சமவெளி ஊர்களில் தொழில் வளர, நெடுஞ்சாலையோர நிலம் போதும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில் எல்லாவற்றையும் மலைச்சரிவுதான் தீர்மானிக்கிறது.

பல்சக்கர ரயில்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் வந்தது 1899-ல். 12 அடி நகர்ந்தால் 1 அடி ஏற வேண்டிய செங்குத்துப் பாதை. தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பல் சட்டத்தை இன்ஜினின் பல்சக்கரம் கவ்விக்கொண்டே மேலேறும். 1908-ல் இந்தப் பாதை ஊட்டி வரை நீண்டது. 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது.

குளிரைத் தேடி வந்த ஆங்கிலேயர்கள் விட்டுச்சென்றவை இங்கே ஏராளம். 1874-ல் உருவான சிம்ஸ் பூங்காவில் ஆண்டுதோறும் கோடையில் பழக் கண்காட்சி நடக்கும். வெறிநாய்க்கடி சிகிச்சைக்காக 1907-ல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் இன்றும் இயங்குகிறது. அருகிலேயே வெலிங்டன் ராணுவ மையம், அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை.

சீனாவிலிருந்து வந்த செடி

குன்னூரின் உயிர்நாடி தேயிலை. நீலகிரியில் தேயிலை வேரூன்றியது 19-ம் நூற்றாண்டில். அப்போது சீனக் கைதிகள் சிலரை ஆங்கிலேயர்கள் நடுவட்டத்துக்குக் கொண்டுவந்து தோட்ட வேலை செய்யவைத்தார்கள். 1964 சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கும் இந்தச் செடியே வாழ்வு கொடுத்தது. அவர்களுக்காக உருவான அரசு நிறுவனமான டான்டீயின் தலைமையகம் குன்னூரில்தான் இருக்கிறது. தேயிலை ஏல மையமும் இங்கேதான்.

விலை சொல்ல முடியாத விவசாயி

பச்சைப் பட்டு விரித்தது போன்ற சரிவுகளில் பல, சிறு விவசாயிகளின் துண்டு நிலங்கள். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நான்கு கிலோவுக்கும் மேல் பச்சைத் தேயிலை வேண்டும். நெல்லைப் போல மூட்டை கட்டி வைத்து, விலை ஏறும்போது விற்க முடியாது. பறித்த கொழுந்தை உடனே தொழிற்சாலையில் சேர்த்தாக வேண்டும். விலையோ ஏலத்தைப் பொறுத்தது. 1990-களின் இறுதியில் விலை சரிந்தபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தவித்தன. பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை வேண்டும் என்ற குரல் இன்றும் ஓயவில்லை.

விலை கிடைக்காதபோது தேயிலைச் செடியைப் பிடுங்கிவிட்டுக் காய்கறி போடவோ, விடுதி கட்டுபவருக்கு நிலத்தை விற்கவோ தோன்றுவது இயல்பு. ஆனால், நெருக்கமாக வளரும் தேயிலை வேர்கள்தான் சரிவில் மண்ணைப் பிடித்துவைத்திருக்கின்றன. மண் பிடிமானம் இழந்தால் மலை என்ன செய்யும் என்பதை 2009 நவம்பர் மழை காட்டியது. நீலகிரி நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த வகையில், கொழுந்துக்குக் கிடைக்கும் விலை மலையின் பாதுகாப்பையும் தொடுகிறது.

குன்னூர் போகிறவர்கள் டால்பின்ஸ் நோஸ், லாம்ப்ஸ் ராக் காட்சிமுனைகளோடு ஒரு தேயிலைத் தொழிற்சாலையையும் பார்த்துவிட்டு வரலாம். போக முடியாதவர்களுக்கு ரேஷன் கடை 'ஊட்டி டீ' இருக்கிறது. அந்தப் பாக்கெட், சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளிலிருந்து வருவதுதான்!