பால் மறைத்த ருசி

அப்பாவுக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல் போனபிறகுதான் எங்கள் வீட்டுத் தேயிலையின் குணம் வெளியே வந்தது. பால் விடாமல் குடித்தால் வெறும் கசப்பும் சாயமும்தான். தினமும் நான்கு வேளை குடிக்கிறவருக்கு நல்ல தூள் வேண்டும். விலையும் கட்டுப்படியாக வேண்டும். அதைத் தேடித்தான் கோத்தகிரிப் பக்கம் ஒரு கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனேன்.

வாசலில் பச்சை இலை மூட்டைகள் எடைக்குக் காத்திருந்தன. ஒரு மூட்டையை அவிழ்த்துக் காட்டினார் இலை கொண்டுவந்த அக்கா. மொட்டும் இரண்டு இலையுமாக இளந்தளிர். பக்கத்து மூட்டையில் தண்டும் முத்தல் இலையும் கலந்து கிடந்தன. "கையால பறிச்சா இப்படி வரும். விலை கட்டுப்படி ஆகலேன்னா மெஷினை வெச்சு அரியத்தான் வேணும். கூலிக்கு எங்கே போறது?" என்றார்.

மேலே வலைப்பரப்பில் இலையைப் பரப்பி, அடியிலிருந்து காற்றாடி ஓட்டி இரவெல்லாம் வாடவைக்கிறார்கள். தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர் ஒரு பிடி அள்ளி இறுக்கிவிட்டுக் கையைத் திறந்தார். உருண்டை மெல்ல விரிந்தது. "தண்டு சடக்குன்னு ஒடிஞ்சா இன்னும் வாடலைன்னு அர்த்தம் சார்."

அடுத்தது சி.டி.சி. எதிரெதிராக வெவ்வேறு வேகத்தில் சுழலும் பல் உருளைகள் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டுகின்றன. பச்சையாக விழும் தூள் காற்றுப்பட்டுச் செம்பு நிறமாகிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கே நின்ற ஜார்க்கண்ட் இளைஞர் கடிகாரத்தைவிட மூக்கைத்தான் நம்பினார். அடிக்கடி ஒரு கை அள்ளி முகர்ந்தார். புல் வாசம் போய்ப் பழ வாசம் எழுந்த கணத்தில் தூள் உலர்த்திக்குப் போயிற்று. முந்தினால் பச்சை நெடி, பிந்தினால் சப்பென்றாகிவிடும். உலர்த்தியின் சூட்டில் அந்த மாற்றம் நின்று, ஈரப்பதம் சுமார் 3 சதவீதத்துக்கு இறங்குகிறது.

சலித்துப் பிரித்த ரகங்களில் இரண்டை டீ மேக்கர் ஊற்றித் தந்தார். மாவுபோன்ற டஸ்ட் சட்டென்று கறுத்தது. "இது பாலுக்குத்தான் சார். பாலில்லாம குடிக்கிறவங்க பெருங்குருணை வாங்கணும்." குருணைத் தேநீர் செம்பொன்னிறம், நாக்கில் சுரீரென்று துவர்த்து, தொண்டையில் தங்காமல் இறங்கியது. பச்சைத்தண்ணீரில் போட்டதும் நிறம் கொட்டும் தூளில் சாயம் கலந்திருக்கலாம் என்பதையும் செய்துகாட்டினார்.

கோப்பைக்கு 2 கிராம், கொதிக்கவைத்து இறக்கிய நீரில் மூன்று நிமிடம், மூடிவைத்து வடிகட்ட வேண்டும். அப்படிப் பார்த்தால் கால் கிலோவில் 125 கோப்பை; அப்பாவுக்கு ஒரு மாதத்துக்குப் போதும். கிலோ 400 ரூபாயென்றே வைத்துக்கொண்டாலும் கோப்பைக்கு 80 காசு.

ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். நான் வாங்கிய கால் கிலோப் பொட்டலத்துக்குள் ஒரு கிலோவுக்கும் அதிகமான தளிர் இருக்கிறது. வெளியே வந்தபோது அந்த அக்கா காலி சாக்கை மடித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கட்டுப்படியாகும் விலையைத் தேடி வந்திருந்தேன். அவருக்கும் கட்டுப்படியானால்தான் அடுத்த மாதப் பொட்டலத்திலும் இதே ருசி இருக்கும்.