கம்ப்யூட்டர் வைத்தியம்

வாணியம்பாடியில் பௌதிக சாஸ்திரம் கற்பிக்கும் உபாத்தியாயனுக்குப் பள்ளிக்கூட மணியோடு வேலை முடிந்துவிடுவதில்லை. தெருவில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மூர்ச்சையடைந்தாலும் எனக்கு ஆள் வந்துவிடும். இந்த வைத்தியத்துக்குச் சம்பளம் கிடையாது, காப்பி உண்டு.

நான் நாடி பார்த்த வரையில், இந்த யந்திரங்களுக்கு வரும் வியாதிகளில் பெரும்பாலானவை தூசி, சூடு, தளர்ந்த இணைப்பு, தீர்ந்துபோன ஒரு சிறு பாட்டரி, இவ்வளவுதான். ஆயினும் "மதர்போர்டு போய்விட்டது" என்ற இரண்டு சொற்களைக் கேட்டதும் குடும்பங்கள் நடுங்கிவிடுகின்றன.

எதிர் வீட்டுக்காரருக்குத் தோல் தொழிற்சாலையில் வேலை. அவருடைய பெண் பன்னிரண்டாம் வகுப்புத் தேறி, எஞ்சினீரிங் கவுன்சலிங்குக்கு மனுப் போட வேண்டியிருந்தது. 2018 முதல் அந்தக் கவுன்சலிங் இண்டர்நெட் வழியாகவே நடைபெறுகிறது. சான்றிதழ்ப் பிரதிகளெல்லாம் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் இருந்தன. வீட்டிலிருந்த ஒரே செல்போனோ பொழுது சாயும்வரை தகப்பனாரோடு தொழிற்சாலையில் இருக்கும். கடைசித் தேதிக்கு இரண்டு நாளே பாக்கி. கம்ப்யூட்டரில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் "பாதுகாப்பு இல்லை" என்று மறுத்தது. ஒரு கடைக்காரர் மேற்படி இரண்டு சொற்களைச் சொல்லி ஏழாயிரம் ரூபாய் கேட்டிருந்தார்.

"சார், ஒரு தடவை பாருங்கள்" என்றாள் அந்தப் பெண். முகத்தில் அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

நான் பார்த்தது திரையின் மூலையிலிருந்த தேதியை. 2009 ஜனவரி 1 என்று காட்டியது! ஒவ்வொரு இண்டர்நெட் தளமும் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்று ஒரு சான்றுப் பத்திரம் வைத்திருக்கிறது. 2009-ல் வாழும் யந்திரத்துக்கு இந்த வருஷத்துப் பத்திரம் இன்னும் பிறக்கவேயில்லை. அது எப்படி நம்பும்? தேதியைத் திருத்தியதும் பக்கம் திறந்தது. மனு அன்று மாலையே போய்ச் சேர்ந்தது.

கடிகாரம் பின்னால் போனதற்குக் காரணம், மதர்போர்டிலுள்ள காசு போன்ற பாட்டரி. சி.ஆர். 2032 என்ற பெயரிலேயே அதன் ஜாதகம் இருக்கிறது: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். மூன்று வோல்ட். கைக்கடிகாரக் கடையில் மசால் தோசை விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். சுவர் ஸ்விட்சை அணைத்து வைக்கும் நம் வீடுகளில் இது சற்றுச் சீக்கிரமே தீர்ந்துவிடும். மின்சாரம் வரும்போது மட்டுமே இதற்கு ஓய்வு. இடி மின்னலை நினைத்தால், அணைத்து வைப்பதுதான் சரி என்பது என் கட்சி.

விசிறி சுழல்கிறது, திரை இருட்டாயிருக்கிறது, பெட்டி 'பீப், பீப்' என்று கத்துகிறது என்றால் முதலில் ராம் பலகையைச் சந்தேகியுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் வர்ணம் பூசாத உலோகத்தை ஒரு தரம் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, பலகையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிப் பிள்ளையின் ரப்பரால் மெல்லத் துடைத்து, இருபுறக் கொக்கிகளும் 'கிளிக்' என்று பூட்டும்வரை அழுத்த வேண்டும்.

மே மாதத்தில் நம் பக்கம் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். பத்து நிமிஷம் ஓடித் தானே அணையும் பெட்டிக்குள் பார்த்தால் விசிறிக்கடியில் தூசி கம்பளி போர்த்தியிருக்கும். சூடு மிஞ்சினால் உயிர் பிழைக்க அது தானே அணைகிறது. விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு தூரிகையால் தட்டினால் போதும். பூச்சிகளையும் பாருங்கள். 1947 செப்டம்பர் 9-ந் தேதி ஹார்வர்டில் மார்க் 2 என்ற ராட்சத யந்திரத்துக்குள் ஓர் அந்துப்பூச்சியைக் கண்டுபிடித்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். நம் வீட்டில் எறும்பு.

ஆனால் மின்சாரம் வழங்கும் உள்பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம் அங்கே சுமார் 325 வோல்ட் நேர்திசை மின்சாரமாகிறது; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்ஸர்களில் தங்கிக் கடிக்கும்.

ஹார்டு டிஸ்க் 'டக், டக்' என்று தட்டினாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். திரும்பத் திரும்ப இயக்கிப் பார்ப்பதுதான் அதற்கு யமன். இன்னும் படிக்க முடிகிறதென்றால், கல்யாணப் படங்களையும் சான்றிதழ்களையும் அந்த நிமிஷமே வேறிடத்தில் நகலெடுத்து விடுங்கள். சினிமாப் பாட்டுகள் அப்புறம்.