கரைப்பான்

அக்கா ஊதுவத்தி போட ஆரம்பித்தது 2021இல். அதற்கு முன் தையல். கொரோனா வருஷத்தில் ரவிக்கை தைக்கக் கொடுப்பவர்கள் நின்றுபோனார்கள். பிறகு திரும்பி வரவில்லை. என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் அவளும் அவள் பெண்ணும் இருக்கிறார்கள். நான் பாங்க்கில் குமாஸ்தா. என் சம்பளம் எல்லோருக்கும் போதும் என்று நான் சொன்னதை அவள் கேட்டுக்கொண்டாளே தவிர, ஏற்றுக்கொள்ளவில்லை.

வத்தியை அவள் உருட்டுவதில்லை. கரித்தூள், மரத்தூள், ஜிகட் என்று வியாபாரிகள் சொல்லும் ஒட்டுப்பட்டைத் தூள் இவற்றைப் பிசைந்து மூங்கில் குச்சியில் ஏற்றிய, வாசனையில்லாத கறுப்பு வத்தி கிலோக் கணக்கில் கிடைக்கிறது. அதை வாங்கி, வாசனைத் திரவத்தில் முக்கி, நிழலில் உலர்த்தி, கவரில் போட்டு ஒட்ட வேண்டும். பார்த்தால் இவ்வளவுதான். ஆனால் கடையில் விற்கும் சென்ட்டை அப்படியே வத்தியில் ஏற்ற முடியாது. விலை கட்டாது. தவிர, அத்தனை வீரியத்தை மூக்கு தாங்காது. எதிலாவது கரைத்தாக வேண்டும். எதில் என்பதுதான் கேள்வி.

‘நீதான் எதையாவது படிச்சிக்கிட்டே இருக்கியே, பாத்துச் சொல்லேன்’ என்றாள்.

நான் பி.ஏ. இங்கிலீஷ். கரைப்பான் என்ற வார்த்தையைப் பள்ளிக்கூடத்தோடு விட்டவன். இருந்தாலும் விமர்சகன் என்று பெயர் வாங்கியிருப்பவனுக்குத் தெரியாது என்று சொல்வது சுலபமில்லை. படித்தேன். தொழிலில் எல்லோரும் உபயோகிப்பது டைஎதில் ப்தாலேட், கடைக்காரர் வாயில் டி.இ.பி. ஆயில். ப்தாலேட் என்ற குடும்பப் பெயரைக் கண்டதும் நான் தீர்ப்பு எழுதிவிட்டேன். அந்தக் குடும்பத்தில் சிலவற்றை ஐரோப்பாவில் குழந்தைகளின் பொம்மைகளில் தடை செய்திருக்கிறார்கள். தடைசெய்யப்பட்டவற்றில் டி.இ.பி. இல்லை என்பதையும் அதே பக்கத்தில்தான் படித்தேன், ஆனால் அது மனசில் தங்கவில்லை. இயற்கையானதாகப் போடு, தேங்காயெண்ணெயில் கரை என்றேன். அந்த மாதம்தான் ஒரு இளம் கவிஞரின் தொகுதிக்கு மதிப்புரை எழுதி, ‘கலப்பு’ என்ற சொல்லை ஐந்து இடத்தில் வசையாக உபயோகித்திருந்தேன்.

தேங்காயெண்ணெயில் முக்கிய வத்தியைக் கொளுத்தினால் மல்லிகை வரவில்லை, அப்பளம் பொரித்த வாணலி வந்தது. பாதியில் அணைந்தும் போயிற்று. இரண்டு கிலோ வத்தி வீண். அக்கா ஒன்றும் சொல்லாமல் அவற்றைக் கொசுவுக்கென்று கொல்லையில் கொளுத்தித் தீர்த்தாள். என் மதிப்புரைகளுக்கு யாரும் இப்படி ஒரு பிரயோசனம் கண்டதில்லை.

அடுத்தது ஸ்பிரிட். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் முதல் நாள் அது என்னை மயக்கியது. முக்கி எடுத்த அரை மணியில் உலர்ந்தது. அறை முழுவதும் வாசனை. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். சாராயம் 78 டிகிரியில் கொதிப்பது. சாதாரண வெயிலிலேயே பறந்துவிடும். பறக்கும்போது வாசனையின் மெல்லிய பகுதிகளையும் கூட அழைத்துக்கொண்டு போகிறது. மூன்று வாரம் கழித்துக் கவரைப் பிரித்தால் வத்தியில் ஏதோ கனமான அடிமணம்தான் மிச்சம், மல்லிகையைக் காணோம். முதல் வாசிப்பில் ஆளைக் கவிழ்த்து, மூன்றாவது வாசிப்பில் வெறும் தாளாகிவிடுகிற கவிதைகளை எனக்குத் தெரியும். அவற்றில் சிலவற்றை நானே புகழ்ந்திருக்கிறேன். இது தவிர, அடுப்பு எரிகிற வீட்டுக்குள் ஸ்பிரிட்டை வாளியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்பதை இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

வைட் ஆயில் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மலிவு. சென்ட்டில் பாதி அதில் கரையாமல் கலங்கி நின்றது. கரி படிந்த புகை. டைப்ரோபிலீன் க்ளைக்கால் என்ற ஒன்றைக் கொஞ்சம் வாங்கினோம். நன்றாகக் கரைத்தது, ஆனால் விலை அதிகம், காற்றிலிருந்து ஈரத்தையும் உறிஞ்சுகிறது. ஐப்பசி மழையில் வத்தி பிசுபிசுத்துப் போயிற்று.

கடைசியில் அக்கா என்னைக் கேட்காமலேயே பெரிய கடை வீதிக்குப் போய் டி.இ.பி. வாங்கி வந்தாள். ஒரு பங்கு சென்ட், மூன்று பங்கு ஆயில். நாலு பங்குகூட ஊற்றலாம் என்று கடைக்காரர் சொன்னாராம். அக்கா மூன்றோடு நின்றுகொண்டாள். கண்ணாடி மாதிரித் தெளிந்தது. முகர்ந்து பார்த்தேன், அதற்கென்று சொந்தமாக ஒரு வாசனையும் கிடையாது. உலர ஒரு நாள், பிறகு கவரில் ஒரு வாரம் ஊறல். கொளுத்தியபோது, வாஸ்தவமாகவே, மல்லிகை வந்தது.

ஏன் வந்தது என்பதை நான் பிறகுதான் புரிந்துகொண்டேன். ஊதுவத்தியில் நெருப்பு இருக்கும் இடத்திலிருந்து வாசனை வருவதில்லை. கனலில் எல்லாம் எரிந்துபோகிறது. கனலுக்குச் சற்று முன்னால், இன்னும் தீ எட்டாத, ஆனால் சூடேறிவிட்ட ஒரு மெல்லிய வளையத்திலிருந்து அது ஆவியாகித் தப்பிக்கிறது. டி.இ.பி.யின் கொதிநிலை 295 டிகிரியை ஒட்டியது. அதனால் சாதாரணச் சூட்டில் பறக்காமல் மாதக்கணக்கில் வாசனையைப் பிடித்து வைத்துக்கொண்டு, நெருப்பு நெருங்கும்போது அதோடு சேர்ந்து தானும் கிளம்புகிறது.

எலியட் 1919இல் எழுதிய கட்டுரையில் கவிமனத்தைப் பிளாட்டினத்துக்கு ஒப்பிட்டது நம்மில் எல்லோருக்கும் மனப்பாடம். இரண்டு வாயுக்கள் கூடும்போது உடனிருந்து, தான் மாறாமல், விளைபொருளில் தடயமும் இல்லாமல் ஒதுங்கி நிற்பது பிளாட்டினம். நான் இதை எத்தனையோ தடவை எடுத்தாண்டிருக்கிறேன். டி.இ.பி. அப்படி ஒதுங்கி நிற்பதில்லை. தானும் புகையாகிறது, கொளுத்தியவன் மூச்சுக்குள் போகிறது. கன்னோஜில் ரோஜாவைச் செப்புப் பானையில் வடித்து அந்த ஆவியைச் சந்தனத் தைலத்தில் இறக்குவார்கள். சுட்ட மண்ணின் மணத்தைக்கூட இப்படித்தான் மிட்டி அத்தராக்குகிறார்கள். அங்கே ஏந்திக்கொள்வதற்கே ஒரு சொந்த மணம் இருக்கிறது, ஏந்தப்பட்டதை அது மாற்றுகிறது. சந்தனம் விலையேறிய பிறகு அங்கேயும் பலர் லிக்விட் பாரஃபினுக்குப் போய்விட்டார்கள். வாசனையே இல்லாத ஊடகம்தான் நேர்மையானது என்று சொல்லவா? சந்தனம்தான் மரபு என்று சொல்லவா? நான் இரண்டையும் வெவ்வேறு கட்டுரைகளில் சொல்லியிருக்கிறேன்.

இதெல்லாம் நான் மட்டும் ரசித்துக்கொண்டிருந்த விஷயம். ஒவ்வொரு கலவையையும் அந்த மாடிப்படி அறையில்தான் கொளுத்திப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு ராத்திரி அக்காவின் பெண்ணுக்கு இளைப்பு வந்துவிட்டது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு. அன்றைக்கு வந்ததற்கு எது காரணம் என்று யாரும் சொல்லவில்லை. நான் டி.இ.பி.தான் என்று முடிவு கட்டினேன். ஆனால் வத்தி என்று ஒன்றைக் கொளுத்தினால், எதில் கரைத்திருந்தாலும், நுண்துகளும் கார்பன் மோனாக்ஸைடும் வரத்தான் செய்யும். கரியும் மரத்தூளும் எரிகிற புகை அது. கரைப்பானைப் பற்றியே ஆறு மாதம் விவாதித்ததில் புகையைப் பார்க்காமல் விட்டிருந்தோம். நான்தான் விட்டிருந்தேன்.

மறுநாள் நிறுத்திவிடு என்றேன். அக்கா பெண்ணுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

‘உனக்கு ஒண்ணாந்தேதி சம்பளம் வந்துடும். நிறுத்துன்னு சொல்றது உனக்கு சுலபம்டா.’

அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. அன்று சாயங்காலம் அவள் டின், வாளி, உலர்த்தும் தட்டு எல்லாவற்றையும் மொட்டைமாடித் தகரக் கொட்டகைக்கு ஏற்றினாள். கொளுத்திப் பார்ப்பதும் அங்கேதான். வீட்டுக்குள் இப்போது சுவாமிக்குக்கூட வத்தி கிடையாது, விளக்கு மட்டும். வத்தியை விற்று வீட்டில் கொளுத்தாமல் இருப்பது பற்றி நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

கவரின் பின்பக்கம் அச்சடிக்க ஒரு வாசகம் வேண்டும் என்றாள். மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் இருக்கிற வீட்டைப் பற்றி. மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். முதலாவது நீளம். இரண்டாவதில் ‘தவிர்த்தல் நலம்’ என்பதைப் பேனாவால் அடித்து, ‘இப்படி யார் பேசறாங்க?’ என்றாள். மூன்றாவதையும் வாங்கி மடித்து வைத்துவிட்டு, அச்சகத்துக்கு அவளே சொல்லி அனுப்பினாள்: ‘ஜன்னலைத் திறந்துவிட்டுக் கொளுத்தவும். இளைப்பு உள்ளவர்கள் பக்கத்தில் வேண்டாம்.’