வெளியில் வைரம்

உடன்குடிப் பக்கம், தேரி ஓரத்தில், காற்றுக்குச் சாய்ந்த பனை ஒன்று கிடக்கிறது. பெரியவரும் அவர் பேரனும் அதைத் துண்டு போடுகிறார்கள். அறுத்த முகம் ஈரமாக மின்னுகிறது. விளிம்பில் கறுப்பு, உள்ளே போகப் போகப் பழுப்பு, நடுவில் வெளிறிய சோறு. முகமெங்கும் எள் தூவியது போலக் கரும்புள்ளிகள். விளிம்பில் நெருக்கியடித்து நிற்பவை, நடுவுக்கு வர வர விலகிப் போகின்றன.

ஒவ்வொரு புள்ளியும் ஒரு வாஸ்குலார் கற்றையின் வெட்டுமுகம். வேர் உறிஞ்சிய நீரை மேலேற்றும் சைலம் அதற்குள் இருக்கிறது. ஓலை சமைத்த சர்க்கரையைக் கொண்டுசெல்லும் ஃபுளோயமும் இருக்கிறது. இரண்டுக்கும் காவலாகத் தடித்த நார். மரத்தின் பலம் அந்த நாரில். கற்றைகளுக்கு நடுவே நிரம்பியிருப்பது மெல்லிய சுவர் கொண்ட பாரன்கைமா.

"நடுவுல வைரம் இருக்காதா தாத்தா?"

"பனைக்குப் பலமெல்லாம் வெளிப்பக்கம்தாம்லே. உள்ள வெறும் சோறு. ஆப்பத் தள்ளி வை."

சம்மட்டி விழுகிறது. நார் ஓடிய வழியே மரம் நீளவாக்கில் பிளக்கிறது. பெரியவர் சோற்றைச் செதுக்கி எறிகிறார். விளிம்பைக் கைமரத்துக்கு ஒதுக்குகிறார்.

பக்கத்தில் கிடக்கும் வேப்பந்துண்டு இதற்கு நேர்மாறு. பட்டையை ஒட்டி வெள்ளை. நடுவில் செம்பழுப்பு வைரம். வெளியே வைரம் கொண்டவை புல், உள்ளே கொண்டவை மரம் என்று தொல்காப்பிய மரபியல் பிரித்தது. அந்தக் கணக்கில் பனை புல். புல்லையும் பனையையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்று இன்றைய தாவரவியலும் ஒரே வகையில் வைக்கிறது.

வேம்பின் பட்டைக்கு அடியில் கேம்பியம் என்னும் மெல்லிய உயிர்வளையம் உண்டு. உட்பக்கம் புதிய சைலம், வெளிப்பக்கம் புதிய ஃபுளோயம் என்று அது ஈன்றுகொண்டே இருக்கும். பனையில் அந்த வளையம் இல்லை. இளமையில் அடிப்பருமனைத் தேடிக்கொண்ட பிறகே பனை உயரத் தொடங்குகிறது. அடிமரத்தில் அன்று அமைந்த குழாய்கள்தாம் கடைசிவரை. நூறாண்டு நின்றாலும் அவற்றின் வழியேதான் கொண்டைக்கு நீர் ஏறும். வேருக்குச் சர்க்கரை இறங்கும்.

அடிமரத்தில் ஒரு கருகல். பெரியவரின் கை அங்கே நிற்கிறது. யாரோ எப்போதோ மூட்டிய நெருப்பு. தடவிப் பார்த்துவிட்டு அந்தப் பாகத்தை அறுத்துத் தள்ளுகிறார், கைமரத்துக்கு ஆகாது.

வேம்பாக இருந்தால் புண்ணின் ஓரத்திலிருந்து கேம்பியம் புதுத்திசு வளர்த்து மூட முயன்றிருக்கும். பனைக்கு அந்த வழி இல்லை. அதன் கற்றைகள் நெருங்கி நிற்பதும் விளிம்பில்தான், தீ முதலில் தீண்டுவதும் விளிம்பைத்தான். பனையடியில் குப்பை கொளுத்துகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அங்கே கருகும் ஒவ்வொரு குழாயும் அந்த மரம் இனி ஒருபோதும் செய்துகொள்ள முடியாத குழாய்.