கியூவில் காத்திருக்கும் மரணசாதனங்கள்

லண்டன் செல்லும் நம்மவர்கள் கியூ என்ற இடத்தைத் தாவரவியற் பூங்காவுக்காகவே அறிவர். அதே ரயில் நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தை அடையலாம். முன்னால் அமைதியான குளம். அனுமதி இலவசம். மூல ஆவணங்களைப் பார்க்க வாசகர் அட்டை வேண்டும். பேனை கொண்டு செல்ல முடியாது, பென்சிலுக்கே இடமுண்டு.

உறவினரைப் பார்க்கச் சென்ற வேளையில் அங்கு ஒரு பகலைக் கழித்தேன். நான் தேடியது பழைய மரணசாதனங்களை. 1858 வரை இங்கிலாந்தில் இவற்றைப் பெரும்பாலும் திருச்சபை நீதிமன்றங்களே ஏற்று உறுதிப்படுத்தின. அவற்றுள் முதன்மையான கன்ரபரி நீதிமன்றத்தின் 1384 முதல் 1858 வரையான பதிவுகள், பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவை, இங்குதான் உள்ளன.

பிரபல நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் மரணசாதனத்தைக் கணினித் திரையில் வாசித்தேன். திருமணமாகாத அவர், 1817 ஏப்ரல் 27ஆம் திகதி தம் கைப்பட எழுதிய சில வரிகள்தாம் அது. ஏறக்குறைய எல்லாமே சகோதரி கசண்ட்ராவுக்கு. சகோதரர் ஹென்றிக்கு 50 பவுண். ஹென்றியின் வீட்டைப் பராமரித்த பிஜோன் என்ற பெண்ணுக்கும் அதே 50 பவுண்! சாட்சிகள் கையொப்பமிடாததால், அவர் இறந்தபின் அறிந்தவர்கள் இருவர் அவரது கையெழுத்துத்தான் எனச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது.

இப்பதிவுகளில் பெண்களுடையவை குறைவு. இருப்பவையும் பெரும்பாலும் விதவைகள், மணமாகாதோருடையவை. மணமான பெண் கணவனின் சம்மதமின்றி மரணசாதனம் எழுதும் உரிமையை 1882ஆம் ஆண்டுச் சட்டமே அங்கு வழங்கியது.

நம் நாட்டிலோ, தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் விதித்தது. ஆனால் அதே காணியை மரணசாதனத்தால் கொடுக்க அச்சம்மதம் வேண்டாம் என்றும் அச்சட்டமே சொன்னது. இதை அறிந்த சகோதரிகள் எத்தனை பேர்?

இடம்பெயர்வில் உறுதிகளையும் பத்திரங்களையும் இழந்து, தாயின் காணியைத் தமதென்று காட்ட முடியாமல் அலையும் பெண்களை என் பணியில் நாளும் சந்திக்கிறேன். அம்மா வாயால் சொன்னது அலுவலகங்களில் செல்லுபடியாவதில்லை. நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது ஐந்து சாட்சிகள் முன்னிலையில் எழுதப்பட்டதே செல்லும். எழுதுவதோடு நில்லாமல், அதன் பிரதியொன்றை நம்பிக்கையானவரிடம் கொடுத்து வையுங்கள். காகிதம் பிழைத்தால்தான் நம் சொல்லும் பிழைக்கும்.