கயிறு கொண்டு வந்தவர்

தாம்பரம் மேற்கிலிருந்து முடிச்சூர், மண்ணிவாக்கம் வழியாக வாலாஜாபாத் போகும் சாலையில், படப்பை வருவதற்கு முன்பே அந்த டிராக்டர் கடை வந்துவிடும். நாற்பது, ஐம்பது எச்.பி. வண்டிகள் வாசலில் சாலையைப் பார்த்து நிற்கும். மினி டிராக்டர்கள் உள்ளே, நிழலில். ஆயுத பூஜைக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருந்ததால், அந்த இரண்டு எண்களையும் பெரிதாக அடித்த பேனர் கூரை விளிம்பிலிருந்து தொங்கியது.

பவர் டில்லருக்கு பெல்ட் வாங்கப் போயிருந்தேன். உதிரிபாகம் எடுத்துத் தருகிறவர் சாப்பிடப் போயிருந்தார். சர்வீஸ் கொட்டகையை ஒட்டிக் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன்.

இந்தச் சாலையில் டிராக்டர் என்றால் தண்ணீர் டேங்கும் செங்கல் லோடும்தான் கண்ணில் படும். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் நெல் விளைந்த இடமெல்லாம் மனையாகி, மனையெல்லாம் வீடாகி, 2015 டிசம்பரில் அடையாறு ஏறி வந்தபோதுதான் அது தாழ்ந்த வயல்வெளி என்பது பலருக்கு ஞாபகம் வந்தது. இப்போது இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் நிலம் வாங்குவது உத்திரமேரூரில், அச்சிறுபாக்கத்தில், செய்யூரில். குடியிருப்பது தாம்பரம், உழவு அறுபது எழுபது கிலோமீட்டருக்கு அப்பால். இந்தக் கடைக்கு வருகிறவர்களில் அப்படிப்பட்டவர்களும் உண்டு.

வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. பணி ஓய்வு பெற்ற களை முகத்தில் இன்னும் புதிதாக இருந்த ஒருவர், அவர் மனைவி, முப்பது வயது மகன், கடைசியாக வேட்டி சட்டையில் ஒல்லியான நடுவயதுக்காரர். மற்ற மூவரும் நேரே உள்ளே போனார்கள். அவர் மட்டும் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார். "அண்ணா, போட்டுக்கிட்டே வாங்க" என்று விற்பனைப் பையன் சொல்லியும் வெறுங்காலோடுதான் நுழைந்தார். பேச்சிலிருந்து விவரம் பிடிபட்டது. வீடு சேலையூர். நிலம் மதுராந்தகத்துக்கு அந்தப் பக்கம், மூன்று ஏக்கர். ஒன்றரை ஏக்கர் ஏரிப் பாசன நஞ்சை, ஒரு ஏக்கர் தென்னை, மீதி மேடு. வேட்டிக்காரர்தான் அதைப் பார்த்துக்கொள்கிறார்.

"மைலேஜ் எவ்ளோ தரும்?" என்றார் பெரியவர்.

பையன் சிரிக்காமல் பதில் சொன்னது எனக்குப் பிடித்தது. "சார், இதுக்கு கிலோமீட்டர் கணக்கு இல்ல. மணிக் கணக்கு. மீட்டரே ஹவர் மீட்டர்தான். ரோட்டவேட்டர் மாட்டி ஓட்டினா மணிக்கு ரெண்டரை, மூணு லிட்டர் போகும். சர்வீஸும் மணிக் கணக்குல தான்."

மகன் கைப்பேசியில் பட்டியல் வைத்திருந்தான். எச்.பி., சிலிண்டர், லிப்ட் எத்தனை கிலோ தூக்கும், கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. எத்தனை சுற்று. ஒவ்வொன்றாகக் கேட்டான், பையன் ஒவ்வொன்றுக்கும் சொன்னான். பதினைந்து எச்.பி. ஒற்றைச் சிலிண்டர் வண்டி விலை குறைவு, மருந்தடிக்க, களை எடுக்கப் போதும். இருபத்து நாலு, இருபத்தேழு எச்.பி.யில் மூன்று சிலிண்டர், நாலு சக்கரமும் இழுக்கும், நாலடி ரோட்டவேட்டர் தாங்கும், விலை ஆறு லட்சத்தை ஒட்டி வரும். எல்லாம் சரியான பதில்கள். ஆனால் நிலம் எப்படிப்பட்டது என்று அவனும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. பெரியவரின் கண் வாசலில் நின்ற ஐம்பது எச்.பி. வண்டி மேலேயே இருந்தது. "கொஞ்சம் காசு சேத்துப் போட்டா பெரிசே வந்துடும் போலிருக்கே" என்றார். டிராக்டர் வாங்க வருகிற பலருக்கும் வருகிற ஆசை அது. பெரிய வண்டி கம்பீரம்.

சின்ன வண்டிகள் இந்த வட்டாரத்துக்கு அந்நியமானவை அல்ல. ஜப்பானின் குபோட்டா 2008இல் இந்தியாவில் கால் வைத்தது சென்னையில்தான். மகிந்திராவின் ஓஜா வரிசை, 2023 ஆகஸ்ட் 15 அன்று கேப் டவுனில் உலகுக்குக் காட்டப்பட்டதே, அதை ஜப்பானின் மிட்சுபிஷி மகிந்திராவோடு சேர்ந்து உருவாக்கியது செங்கல்பட்டுக்குப் பக்கத்தில், மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கிற ஆராய்ச்சிக்கூடம். ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் தினம் போகிறவர்கள் கடந்து போகிற இடம். 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே டிராக்டர் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பண்ணை ஜே ஃபார்ம், 1964இலிருந்து கேளம்பாக்கத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம், 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, முக்கால் ஹெக்டேர். இரண்டு ஏக்கர்கூட முழுதாக இல்லை. ஜப்பானிலும் வயல்கள் சிறியவைதான். அந்த வயல்களுக்காக உருவான வண்டி நமக்குப் பொருந்துவதில் வியப்பில்லை. நாம்தான் அதைக் கடைக்குள் பின்வரிசையில் நிறுத்தியிருக்கிறோம்.

பெரியவரும் மகனும் பையனோடு பெரிய வண்டியிடம் போனார்கள். அந்த அம்மாள் போகவில்லை. வேட்டிக்காரர் பக்கம் திரும்பி, "நீங்க ஒண்ணும் சொல்லலையே, எது சரிப்படும்?" என்று கேட்டார். கடைக்குள் வந்த பிறகு அவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கயிற்றுச் சுருளை எடுத்தார். கொச்சக்கயிறு, இரண்டு இடங்களில் முடிச்சு. ஒரு நுனியை ஐம்பது எச்.பி. வண்டியின் பின்சக்கரத்து வெளி விளிம்பில் வைத்து, அந்த அம்மாளை மறு நுனியைப் பிடிக்கச் சொன்னார். மறுபக்கச் சக்கரத்தின் வெளி விளிம்பு முதல் முடிச்சை ஏறக்குறைய தொட்டது.

"கேட்டு பத்தடி இருக்குதும்மா, உள்ள வந்துரும். கெணத்தாண்ட வாய்க்கா மேல ஒரு கல்லுப் பலகை போட்டுகீதே, அது இந்த முடிச்சு அளவு. ஆறடி. இது ஏறினா ரெண்டு பக்கமும் ஒரு வெரல் எடம்கூட இல்ல. கழனிக்குப் போற வழி அது ஒண்ணுதான். பலகையும் இந்தக் கனம் தாங்காது." இரண்டாவது முடிச்சு வரப்போரத்து நடைபாதை. நாலரை அடி. கயிறு இப்போது மினி டிராக்டரின் குறுக்கே போனது. சக்கரம் முடிச்சுக்குள் அடங்கி, கையளவு இடம் மிச்சம் இருந்தது.

பையன் வந்து பார்த்தான். விலைப் பட்டியலை மடித்து வைத்துவிட்டு, "அண்ணா, நஞ்சை எந்த மாதிரி மண்ணு?" என்று கேட்டான். அதற்கப்புறம் நடந்தது பேச்சு. களிமண். ஏரித் தண்ணீர் திறந்தால் முழங்கால் வரை புதையும். சம்பாவும் நவரையும் போடுவார்கள், சொர்ணவாரி தண்ணீர் இருந்தால். சேடை ஓட்ட வேண்டும், அதனால் கேஜ் வீல் மாட்ட வசதி வேண்டும். ஃபோர் வீல் இல்லாத வண்டி அந்தச் சேற்றில் இறங்கினால் மாடு கட்டித்தான் இழுக்க வேண்டும், மாடும் இப்போது யாரிடமும் இல்லை. அரை மணி நேரமாக எச்.பி. பேசி எட்ட முடியாத இடத்துக்கு இந்த நாலு வாக்கியத்தில் வந்து சேர்ந்தார்கள்.

பெரியவர் சட்டென்று இறங்கி வந்தார். மனம் கோணவில்லை, அதைச் சொல்ல வேண்டும். "ஏறி உக்காந்து பாருங்க" என்றார் வேட்டிக்காரரிடம். அவர் வேட்டியை மடித்துக் கட்டி ஏறினார். முதல் வண்டியில் கியர் கம்பி இரண்டு காலுக்கும் நடுவில். வேட்டி அதில் மாட்டியது. அடுத்த வண்டியில் கியர் பக்கவாட்டில் இருந்தது. கிளட்சை இரண்டு முறை அழுத்தி விட்டார், திரும்பி பின்னால் லிப்டைப் பார்த்தார், கையை நீட்டி நெம்புகோலைத் தொட்டார். எதுவும் சொல்லாமல் இறங்கினார். ஆனால் அந்த வண்டியின் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

பெயர் எழுதும் நேரத்தில் இன்னொன்று வெளிப்பட்டது. "பட்டா யார் பேர்ல சார்?" என்று பையன் கேட்க, "என் பேர்ல" என்றார் அந்த அம்மாள். அப்பா வீட்டுச் சீர்ப் பணத்தில் வாங்கிய நிலமாம். அதுவரை 'சார், சார்' என்று ஒரே பக்கம் பேசிக்கொண்டிருந்தவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் பெண்களுக்கும் சிறு, குறு விவசாயிகளுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 50 சதவீதம் வரை மானியம், மற்றவர்களுக்கு 40. இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. எந்தக் கருவிக்கு இந்த வருஷம் நிதி இருக்கிறது என்பதை வேளாண் பொறியியல் துறையில் கேட்டுக்கொள்ள வேண்டும், வண்டி எடுத்த பிறகு விண்ணப்பித்தால் பயனில்லை. இதையெல்லாம் அவரைப் பார்த்துச் சொன்னான். அவர் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். வரியில் எவ்வளவு மிச்சம் என்று அவரே போட்டார்: வரிக்கு முன் ஐந்தரை லட்சம் என்றால் பழைய வரி 66,000, புது வரி 27,500. மிச்சம் 38,500.

பக்கத்தில் ஃபில்டர் வாங்க வந்திருந்த இளைஞன் ஒருவன், செய்யூர் பக்கம் தர்பூசணி போடுகிறவன், கேட்காமலே கணக்குச் சொன்னான். "அம்மா, தப்பா நெனைக்காதீங்க. ஏக்கருக்கு ஒரு சால் அடிக்க மினிக்கு ரெண்டு மணி நேரம் வெச்சாலும், உங்க நெலத்துக்கு வருஷத்துல நாப்பது மணி நேரம் ஓடுமா? மணிக்கு 1,200 வாடகைன்னாலும் 48,000. வண்டியும் ரோட்டவேட்டரும் ஏழு லட்சம். வட்டியே அதத் தாண்டிடும். உழவன் ஆப்ல இ-வாடகை இருக்கு, கவர்மெண்ட் வண்டி மணிக்கு 500 தான்."

அவன் சொன்னது கலப்படமில்லாத கணக்கு. அந்த அம்மாள் பேனாவை நிறுத்திவிட்டு வேட்டிக்காரரைப் பார்த்தார்.

"கணக்கு சரிதாம்மா" என்றார் அவர். "ஆனா போன வருசம் இன்னா ஆச்சு? மழ வுட்டு ரெண்டு நாள் மேட்டுல நல்ல பதம். வண்டிக்காரனுக்குப் போன் மேல போன். ஊரே அவன கூப்புடுது, நம்மாண்ட வர ஒரு வாரம் ஆச்சு. பதம் போயிடுச்சு. கட்டி கட்டியா பேந்துச்சு, கல்லக்கா மொளைக்கல."

இளைஞன் தலையாட்டினான். "அது நெசம்" என்றான்.

சிறு டிராக்டர் விஷயத்தில் என் மனசில் இருப்பதும் இதுதான். வாடகையில் மிச்சமாகும் காசைக் காகிதத்தில் காட்ட முடியும். தவறிப்போன பதத்தை எந்தக் கட்டத்திலும் எழுத முடியாது. மழைக்கும் காய்ச்சலுக்கும் நடுவே மண் உழவுக்கு இடம் கொடுக்கிற அந்த இரண்டு மூன்று நாளுக்காகத்தான் சிறு விவசாயி சொந்த வண்டி தேடுகிறார். அந்த நாட்களில் வண்டி கையில் இருந்தால், மீதி நாளில் பக்கத்துக் கழனிக்கு வாடகைக்கு ஓட்டிக் கடனையும் அடைக்கலாம். அப்படி ஓட்ட ஆள் இல்லை, ஓட்டும் எண்ணமும் இல்லை என்றால் தர்பூசணிக்கார இளைஞனின் கணக்கே சரி. வாங்க வேண்டாம்.

கொட்டகையிலிருந்து மெக்கானிக் எண்ணெய்க் கையோடு வந்தார். வேட்டிக்காரரின் தோளில் கிடந்த துண்டைக் காட்டி, "அண்ணே, இத வீட்ல வெச்சிட்டு ஏறுங்க" என்றார். பின்னால் இருக்கும் பி.டி.ஓ. தண்டைத் தொட்டுக் காட்டினார். ஓடும்போது நிமிஷத்துக்கு 540 சுற்று. துண்டோ வேட்டியோ அதில் சிக்கினால் விடுவிக்க நேரம் இருக்காது. தண்டின் மேல் போட்டிருக்கும் பிளாஸ்டிக் உறை உடைந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும், உறை இல்லாமல் ஓட்டக் கூடாது. ரோட்டவேட்டரைத் தூக்கிக்கொண்டு வரப்பு ஏறினால் சின்ன வண்டிக்கு முன்பக்கம் எழும்பும், அதனால் முன்னால் எடைக் கட்டிகளை மாட்டிவிட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும். விலைப் பேச்சில் எவரும் சொல்லாத இவற்றை அவர் நின்று நிதானமாகச் சொன்னார். வேட்டிக்காரர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டப் போனவர், யோசித்து, மடித்துப் பெரியவரின் மகனிடம் கொடுத்தார்.

அன்றைக்கு அவர்கள் முன்பணம் கட்டவில்லை. "பூஜை ஆஃபர் இருக்கு, இன்னிக்கே புக் பண்ணிடுங்களேன்" என்று பையன் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். அந்த அம்மாள் நோட்டை மூடினார். "வண்டிய எங்க கழனிக்குக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டுங்க தம்பி. அந்தப் பலகைல ஏறி, சேத்துல எறங்கி, வரப்பு தாண்டி வெளிய வரட்டும். இவர் ஓட்டிப் பாத்துச் சரின்னு சொன்னா என் பேர்லயே எழுதிக்கலாம்." பையன் தயங்காமல் தேதி கேட்டான். டெமோ காட்டுவது கடைக்காரர்களுக்கு வழக்கம்தான்; கேட்கிறவர்கள் குறைவு.

எனக்கு பெல்ட் வந்தது. காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

டிராக்டர் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ஓட்டப் போகிறவரை முதலில் காரில் ஏற்றுங்கள். உங்கள் நிலத்தில் இருக்கும் மிகக் குறுகலான வழியை அளந்து எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் மண்ணில் ஓட்டிக் காட்டும்வரை எந்தப் பூஜைத் தள்ளுபடிக்காகவும் முன்பணம் கட்டாதீர்கள்.